குறட்டைக்குப் பல் டாக்டர் எதற்கு?

உங்கள் கேள்வி இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். கணவருக்கு 44 வயது. கடைவாய்ப் பல் கூச்சத்துக்காகப் போன இடத்தில் பல் டாக்டர் வாயைப் பார்த்துவிட்டு, "இவர் குறட்டை விடுவாரா, பகலில் தூங்கி வழிவாரா?" என்று உங்களிடம் கேட்டிருக்கிறார், ஸ்லீப் ஸ்டடி, அதாவது ராத்திரித் தூக்கத்தில் மூச்சு எப்படிப் போகிறது என்று பார்க்கும் டெஸ்ட், எடுத்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். இன்னொரு கிளினிக்கில், டெஸ்ட் எல்லாம் தேவையில்லை, வாய்க்கு அளவெடுத்து ஒரு கருவி செய்து தருகிறோம், குறட்டை நின்றுவிடும் என்கிறார்கள். பல்லுக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம், யார் பேச்சைக் கேட்பது?

முதல் டாக்டர் பேச்சைக் கேளுங்கள். நானும் பல் டாக்டர்தான், குறட்டைக்கான தாடைக் கருவிகளை நானே செய்தும் கொடுக்கிறேன். அது நல்ல கருவி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் டெஸ்ட் எடுக்காமல் அதை யார் வாயிலும் மாட்டமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நாக்கு என்றால் கண்ணாடியில் தெரிகிற முன்பகுதிதான் நமக்கு ஞாபகம் வரும். அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பின்னால் தொண்டைக்குள் இறங்கி நிற்கிறது. அதை முன்னுக்கு இழுத்துப் பிடிக்கிற முக்கியமான தசை, கீழ்த்தாடை எலும்பின் உட்புறத்தில், மோவாய்க்கு நேர் பின்னால் ஒட்டியிருக்கிறது. விழித்திருக்கும்போது அந்தத் தசை விறைப்பாக வேலை செய்துகொண்டிருக்கும். தூங்கியதும் தளர்ந்துவிடும், நாக்கு பின்னால் சாயும், அண்ணத்தின் மிருதுவான பின்பகுதியும் உள்நாக்கும் தொய்யும், வழி குறுகும். குறுகிய வழியில் காற்று போகும்போது அந்தத் தளர்ந்த சதை அதிர்வதுதான் குறட்டை. வழி மொத்தமாக அடைத்துக்கொண்டால் சத்தமே இருக்காது. நெஞ்சும் வயிறும் மூச்சை இழுக்க முட்டி மோதும், காற்று உள்ளே போகாது, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், கடைசியில் மூளை அரைகுறையாக விழித்துத் தொண்டையைத் திறந்துவிடும், ஆள் 'கக்' என்று ஒரு சத்தத்தோடு மூச்சு இழுப்பார். காலையில் கேட்டால் ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்றுதான் சொல்வார், பொய் இல்லை, அவருக்கு அது ஞாபகமே இருக்காது. இதுதான் ஸ்லீப் ஆப்னியா.

அப்போ பல் டாக்டர் இதற்குள் எப்படி வருகிறார்? இந்தச் சிக்கல் நடக்கிற இடத்தைத் தினமும் வெளிச்சம் போட்டுப் பார்க்கிறவர் அவர்தான். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் டாக்டரிடம் போகிறவர்கள்கூட வாயைத் திறந்து காட்டுவது எங்களிடம்தான். நாற்காலியைச் சாய்த்த உடனே சிலருக்கு நாக்கு பின்னால் போய் மூச்சு முட்டும், "கொஞ்சம் நிமிர்த்திடுங்க டாக்டர்" என்பார்கள். இன்னும் சிலர் வாயில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருக்க, எச்சில் உறிஞ்சும் குழாய் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே தூங்கிவிடுவார்கள். பல்லை ராவுகிற சத்தத்தில் ஒருவர் தூங்குகிறார் என்றால் அது தைரியம் இல்லை, அவர் பல நாளாகத் தூங்கவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் வாய்க்குள் பார்ப்பது. நாக்கின் இரண்டு ஓரத்திலும் பல் பதிந்த தடம் வரிசையாக இருக்கும், முறுக்கின் ஓரம் மாதிரி. நாக்கு அதற்கான இடத்தைவிடப் பெரிதாக இருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். அண்ணம் குறுகலாக, கோபுரம் போல மேலே ஏறியிருக்கும். கீழ்த்தாடை பின்வாங்கி இருக்கும். உள்நாக்கு நீண்டு சிவந்திருக்கும். கடைவாய்ப் பற்கள் மேடு பள்ளம் இல்லாமல் தட்டையாகத் தேய்ந்திருக்கும். மேல் முன்பற்களின் உட்புறம் வழவழவென்று கரைந்திருந்தால் வயிற்று அமிலம் ராத்திரி மேலே ஏறி வருகிறதா என்று யோசிப்போம், ஆப்னியா உள்ளவர்களுக்கு அது அதிகம். வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொன்னால் உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்பதை நான்கு வகுப்பாகப் பிரிக்கும் ஒரு முறை இருக்கிறது. இந்தியாவிலிருந்து அமெரிக்கா போன மயக்க மருந்து நிபுணர் சேஷகிரி மல்லம்பட்டி 1985-இல் மூன்று வகுப்புகளோடு எழுதியது, நான்காவது பிறகு சேர்ந்தது. அறுவை சிகிச்சையின்போது யாருக்கு மூச்சுக்குழாய் போடுவது கஷ்டமாக இருக்கும் என்று முன்கூட்டிக் கண்டுபிடிக்க அவர் சொன்ன முறையின் பெயரில்தான் இன்று நாங்களும் தொண்டையைப் பார்த்து வகுப்புப் போடுகிறோம்.

இதோடு சில கேள்விகள். சத்தமான குறட்டையா, பகலில் களைப்பா, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, ரத்த அழுத்தம் உண்டா, எடை, வயது 50-க்கு மேலா, கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா, ஆணா. டொரொன்டோவில் பிரான்சஸ் சங் குழுவினர் 2008-இல் வெளியிட்ட இந்த எட்டுக் கேள்விகளை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். அதில் எடைக்கு வைத்திருக்கும் கோடு, பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் எண்) 35, நமக்கு ரொம்ப உயரம். ஆசியர்களுக்கு முக எலும்பின் அமைப்பால், அவ்வளவு குண்டாக இல்லாமலே ஆப்னியா வரும். "அவர் ஒல்லியாகத்தானே இருக்கிறார்" என்று விட்டுவிடக் கூடாது.

உங்கள் கணவரின் பல் கூச்சத்துக்கு வருகிறேன். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு மூச்சுப் பிரச்சினையும் சேர்ந்தே இருக்கும். கடிக்கிற எல்லோருக்கும் ஆப்னியா என்று சொல்ல முடியாது, மன அழுத்தம், சில மாத்திரைகள், புகை, மது என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கேட்காமல் விடுவது தவறு. அந்தத் தவறை நான் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், பல் தேய்ந்து போன ஒருவருக்கு நைட் கார்டு, ராத்திரியில் பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை, செய்து கொடுத்தேன். கடித்து உடைத்துக்கொண்டு வந்தார். கெட்டியாக இன்னொன்று செய்து கொடுத்தேன், அதிலும் விரிசல். மூன்றாவது முறை மனைவியும் கூட வந்தார். நான் பிளாஸ்டிக்கின் தடிமனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவர் குறுக்கிட்டு, "அது இருக்கட்டும் டாக்டர், ராத்திரி இவருக்கு மூச்சே நின்னுடுது, நான் தட்டி எழுப்புறேன், அதைப் பாருங்க" என்றார். டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் மணிக்கு 40 தடவைக்கு மேல் மூச்சு தடைபடுகிறது. இரண்டு வருடம் அந்த மனிதரின் வாயைப் பார்த்திருக்கிறேன், பல்லை மட்டும் பார்த்திருக்கிறேன். மேல்தாடைக்கு மட்டும் போடுகிற சாதாரண நைட் கார்டு சிலருக்கு ஆப்னியாவை அதிகப்படுத்தவும் செய்யும் என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது, அது இன்னும் உறுத்துகிறது.

சரி, சந்தேகப்படுவது பல் டாக்டரின் வேலை. 'இதுதான் நோய்' என்று முடிவு சொல்வது அவர் வேலை இல்லை, அது தூக்க மருத்துவம் தெரிந்த டாக்டரின் வேலை. ஊரைப் பொறுத்து நுரையீரல் டாக்டரோ, காது மூக்கு தொண்டை டாக்டரோ, நரம்பியல் டாக்டரோ இதைப் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தங்கி எடுக்கும் முழு டெஸ்டில் மூளை அலை, கண் அசைவு, தாடைத் தசை, மூக்கில் காற்றோட்டம், நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட், ஆக்சிஜன், இதயத்துடிப்பு எல்லாம் பதிவாகும். வீட்டிலேயே மாட்டிக்கொள்ளும் சின்ன டெஸ்டும் உண்டு, சந்தேகம் பலமாக இருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் போதும். ஆனால் அதில் பெரும்பாலும் மூளை அலை பதிவாகாததால் ஆள் புரண்டு படுத்து விழித்திருந்த நேரமும் தூக்கக் கணக்கில் சேர்ந்து, எண் கொஞ்சம் குறைவாகக் காட்டும். மூச்சு 10 விநாடியாவது நின்றால் அல்லது வெகுவாகக் குறைந்தால் ஒரு தடவை. அப்படி மணிக்கு எத்தனை தடவை என்பதுதான் ரிப்போர்ட்டில் நீங்கள் தேட வேண்டிய எண். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமையானது. 30 என்றால் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை, ராத்திரி முழுக்க. இதை நினைத்துப் பார்த்தால் ரத்த அழுத்தமும் இதயத் துடிப்புக் கோளாறும் பக்கவாதமும் ஏன் இவர்களுக்கு அதிகம் வருகின்றன என்று விளக்க வேண்டியதில்லை.

இப்போது கருவி. இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். உட்கார்ந்தபடியே வேண்டுமென்றே குறட்டைச் சத்தம் எழுப்புங்கள். இப்போது கீழ்த்தாடையை, கீழ்ப்பல் மேல்பல்லுக்கு முன்னால் வருகிற மாதிரி தள்ளி வைத்துக்கொண்டு அதே சத்தத்தை எழுப்பப் பாருங்கள். பலருக்கு வராது, வந்தாலும் சிரமப்பட்டு வரும். தாடை முன்னால் வந்ததும் நாக்கும் கூடவே வந்து வழி திறந்துவிட்டது. மயக்கத்தில் இருப்பவருக்குத் தாடையை முன்னால் தூக்கிப் பிடித்து மூச்சு வழியைத் திறப்பதும் இதே கணக்குதான். பிரான்சில் பியர் ரோபின் என்ற வாய் மருத்துவர், சிறிய தாடையுள்ள குழந்தைகளுக்கு நாக்கு பின்னால் விழுந்து மூச்சடைப்பதைக் கவனித்து, கீழ்த்தாடையை முன்னால் நிறுத்துகிற கருவியை 1902-லேயே செய்திருக்கிறார்.

இன்றைய கருவி மேல் பல்லுக்கு ஒன்று, கீழ்ப் பல்லுக்கு ஒன்று என்று இரண்டு தட்டுகள், இரண்டையும் இணைக்கும் திருகோ பட்டையோ இருக்கும். அச்செடுத்து, தாடை எவ்வளவு தூரம் முன்னால் வருகிறது என்று மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, அதில் சுமார் பாதியில் ஆரம்பிப்போம். பிறகு வாரக்கணக்கில், அரை மில்லிமீட்டர், கால் மில்லிமீட்டர் என்று கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்துவோம். இந்தப் பொறுமைதான் சிகிச்சை, பிளாஸ்டிக் இல்லை. வெந்நீரில் போட்டுக் கடித்துக்கொள்ளும் ரெடிமேட் கருவிகளை ஆன்லைனில் விற்கிறார்கள். அவற்றில் பலவற்றை இப்படி நகர்த்த முடியாது, வாயில் சரியாக நிற்பதும் இல்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம். கருவி போட்டதும் குறட்டை குறையும், சிலருக்கு முதல் ராத்திரியே. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், ஆறு வருடம் கழித்து ஒரே அறையில் தூங்குகிறோம் என்று சொன்ன தம்பதியை எனக்குத் தெரியும். ஆனால் குறட்டை நின்றது என்பதும் மூச்சு நிற்பது நின்றது என்பதும் ஒன்றில்லை. கருவியால் மூச்சுத் தடை மணிக்கு 5-க்குக் கீழே இறங்குவது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான். இன்னொரு பங்கினருக்கு ஓரளவு குறையும். மீதிப் பேருக்குப் பெரிய பலன் இல்லை. இதில் உங்கள் கணவர் எந்தப் பங்கு என்பதைச் சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. மணிக்கு 45 இருந்தது 25-க்கு வந்திருக்கலாம், சத்தம் அடங்கியிருக்கும், நோய் அப்படியே இருக்கும். முன்பாவது அந்தச் சத்தம் கேட்டு நீங்கள் எழுந்து பார்த்தீர்கள், இப்போது நீங்களும் நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள். அதனால்தான் கருவி போடும் முன் ஒரு டெஸ்ட், தாடை சரியான இடத்துக்கு வந்தபின் கருவியை வாயில் போட்டுக்கொண்டே இன்னொரு டெஸ்ட். அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பும் பல் தூக்க மருத்துவ அமைப்பும் சேர்ந்து 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. டெஸ்டே வேண்டாம் என்று சொன்ன கிளினிக், இரண்டாவது டெஸ்டையும் கேட்கப்போவதில்லை.

மூச்சு நிற்பதற்குக் காரணம் தொண்டை அடைப்பாக இல்லாமல், மூச்சு விடச் சொல்லி மூளையிலிருந்து வர வேண்டிய கட்டளை வராததாகவும் இருக்கலாம், இதய பலவீனம் உள்ள சிலருக்கு அப்படி வரும். அவர்களுக்குத் தாடையை எவ்வளவு முன்னால் தள்ளினாலும் பயனில்லை. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், டெஸ்ட்தான் பிரித்துக் காட்டும்.

ரிப்போர்ட்டில் கடுமையானது என்று வந்தால் முதலில் சிபேப் இயந்திரத்தைத்தான் சொல்வார்கள். சிட்னியில் காலின் சல்லிவன் 1981-இல் அறிமுகப்படுத்தியது, மாஸ்க் வழியாக லேசான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டை மூடாமல் பிடித்து வைக்கும். எண்ணைக் குறைப்பதில் அதை மிஞ்ச எங்கள் கருவியால் முடியாது, இதை நான் நோயாளிகளிடம் ஒளிப்பதில்லை. ஆனால் மாஸ்க்கைப் பாதி ராத்திரியில் கழற்றி வைத்துவிட்டால் மீதி ராத்திரிக்கு எந்தச் சிகிச்சையும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் இரண்டையும் ஒரே ஆட்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். சிபேப் சராசரியாக ராத்திரிக்கு 5.2 மணி நேரம், வாய்க்கருவி 6.5 மணி நேரம் பயன்பட்டது. ஒரு மாதத்தில் ரத்த அழுத்தம், பகல் தூக்கம் போன்றவற்றில் இரண்டும் பெரிதாக வித்தியாசப்படவில்லை. ஆகவே சிபேப்பை ஒழுங்காக முயன்று பார்த்து ஒத்துவராதவர்களுக்கும், தூக்க டாக்டரிடம் பேசி வேண்டாம் என்று தெரிந்தே முடிவெடுத்தவர்களுக்கும் வாய்க்கருவி நியாயமான வழி. மூக்கடைப்புக்கு மருந்து எடுத்து, மாஸ்க் அளவை மாற்றிப் பார்க்காமல், இரண்டே நாளில் "ஒத்துக்கலை" என்று சொல்லிவிட்டு வருபவரை நான் திருப்பி அனுப்புவேன்.

எல்லா வாய்க்கும் கருவி பொருந்தாது. பிடித்து நிற்க இரண்டு தாடையிலும் போதுமான பற்கள் வேண்டும். ஈறு நோயால் பல் ஆடினால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், சர்க்கரை உள்ளவர்களிடம் இது சகஜம். பான், குட்கா போட்டு வாய் இறுகி இரண்டு விரல்கூட நுழையாதவர்களுக்கு அச்செடுப்பதே பாடு. தாடை மூட்டில் ஏற்கெனவே கடுமையான வலி இருந்தால் யோசிக்க வேண்டும். பக்க விளைவும் உண்டு, ஆரம்பத்தில் எச்சில் ஊறும், காலையில் தாடை வலிக்கும், எழுந்ததும் கடைவாய்ப் பல் சரியாகச் சேராத மாதிரி இருக்கும். அதற்குக் காலையில் சிறிது நேரம் கடித்துப் பழைய இடத்துக்குத் தாடையைக் கொண்டுவர ஒரு சின்ன அச்சு தருவோம், அதைச் சோம்பல்படாமல் செய்ய வேண்டும். வருடக்கணக்கில் போட்டால் மேல் முன்பல் கொஞ்சம் உள்ளேயும் கீழ் முன்பல் கொஞ்சம் வெளியேயும் சாய்ந்து, பல் சேருகிற விதமே மாறலாம். இதை முன்கூட்டிச் சொல்லிக் கையெழுத்து வாங்காத இடத்தில் கருவி வாங்காதீர்கள்.

குழந்தைகள் இருந்தால் அவர்களையும் ஒரு ராத்திரி கவனியுங்கள். பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்று மருந்து கொடுத்துவிடுவது நம் வழக்கம். பூச்சி மருந்து கொடுப்பதில் தப்பில்லை, ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். வாயைத் திறந்துகொண்டு, கழுத்தைப் பின்னால் வளைத்து, தலையணை நனைய எச்சில் வடியத் தூங்குகிற குழந்தை, தினமும் குறட்டை விடுகிற குழந்தை, படுக்கையை நனைப்பதை விட்டபின் மறுபடி நனைக்கிற குழந்தை, பள்ளியில் ஓர் இடத்தில் உட்காராமல் துறுதுறுவென்று இருக்கிற குழந்தை என்றால் டான்சில், மூக்குக்குப் பின்னாலுள்ள அடினாய்டு சதை இரண்டையும் காது மூக்கு தொண்டை டாக்டர் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்குத் தூக்கம் வழியும், குழந்தைகளுக்குத் துடிப்பு கூடும். அண்ணம் ரொம்பக் குறுகலாக இருந்தால் வளர்கிற வயதில் அதை அகலப்படுத்த எங்களால் முடியும். ஆனால் டான்சில் பெரிதாக இருக்கும்போது அதற்குப் பதிலாக இதைச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு தாடையையும் வெட்டி முன்னால் நகர்த்துகிற அறுவை சிகிச்சையும் உண்டு, வாய் முக அறுவை நிபுணர்கள் செய்வது, பலன் அதிகம், ஆனால் பெரிய ஆபரேஷன். எடை குறைத்தால் பலருக்குத் தடையும் குறையும். மல்லாக்கப் படுக்கும்போது மட்டும் மூச்சு நிற்பவர்களுக்கு ஒருக்களித்துப் படுப்பதே பாதி மருந்து. படுக்கும் முன் மது வேண்டாம், தூக்க மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போடவே கூடாது, இரண்டும் தொண்டையை இன்னும் தளர்த்தும். தூக்கமே வராமல் புரள்கிறவர்களுக்கு நாங்கள் செய்யக்கூடியது அநேகமாக ஒன்றுமில்லை.

உங்கள் கணவருக்கு இப்போது செய்ய வேண்டியது: கடைவாய்ப் பல்லுக்கு அவசரப்பட்டு கேப் போட்டுவிடாதீர்கள். ராத்திரி கடிப்பது நிற்காவிட்டால் அந்த கேப்பும் உடையும். வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால் இந்தச் சந்தேகத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இன்று ராத்திரி அவர் மல்லாக்கப் படுத்திருக்கும்போது, நெஞ்சும் வயிறும் முகமும் தெரிகிற மாதிரி, சத்தத்தோடு பத்து நிமிஷம் போனில் வீடியோ எடுங்கள், குறட்டை நடுவில் சட்டென்று நின்றால் நிறுத்தாமல் எடுத்துக்கொண்டே இருங்கள், அந்த அமைதிதான் டாக்டருக்கு வேண்டும். அதைக் காட்டி டெஸ்டுக்கு நாள் வாங்குங்கள். ரிப்போர்ட் வருகிற வரை, பகலில் அவருக்குக் கண் சொருகுகிறது என்றால், பஸ்ஸில் போகட்டும், ரயிலில் போகட்டும், காரை மட்டும் அவர் ஓட்ட வேண்டாம்.